கம்பத்தில் ஒரு குரல், வண்டியில் ஒரு குரல்

சுகாதார அலுவலகத்தில் அவருக்கு மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது. ஆனால் அவர் குரல் நுழையாத வீடு அந்த ஊரில் கிடையாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், தொட்டியை மூடி வையுங்கள், குழந்தைக்குத் தடுப்பூசி போடுங்கள், நாய் கடித்தால் மஞ்சளைத் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்... எதுவானாலும் ஒரு சின்ன வண்டியின் கூரையில் கட்டிய ஒலிபெருக்கி "அன்பார்ந்த பொதுமக்களே" என்றுதான் ஆரம்பிக்கும். பட்டுத் துணியை உதறி விரித்தது போன்ற குரல். ஊர் அவருக்கு அன்பார்ந்தவர் என்றே பெயர் வைத்துவிட்டது. காய்கறிக் கடையில், "அன்பார்ந்தவருக்கு முதல்ல போட்டு அனுப்புங்கப்பா, தொண்டை காயும்" என்பார்கள்.

அவரும் பையை நீட்டித் தலையாட்டுவார். பேச மாட்டார். கர்வம் என்று சிலர் நினைத்தார்கள். கர்வம் இல்லை, திக்குவாய்.

மைக்கைக் கையில் எடுத்தால் அருவி. கீழே வைத்தால் "ஒரு கிலோ தக்காளி" என்பதற்குள் தக்காளி அழுகிவிடும். சின்ன வயதில் அவருக்காகப் பேசியதெல்லாம் அக்காதான். கடைக்காரரிடம் கேட்பதும் அக்கா, வாத்தியாரிடம் பொய் சொல்வதும் அக்கா. பின்பு ஒரு நாள், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் எடுபிடியாக இருந்தபோது, யாரும் இல்லையென்று நினைத்து மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்தார். திக்கவில்லை. மேலும் பேசினார். அப்போதும் திக்கவில்லை. அன்று அவர் கடைச் சாமான் முழுவதையும் பெயர் பெயராக மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்ததாகவும், முதலாளி வந்துதான் பிடுங்க வேண்டியிருந்ததாகவும் கேள்வி. அதன்பின் மைக்கை அவர் விடவில்லை. வீட்டில் மனைவியோடு வாக்குவாதம் வந்தால், மனைவியே சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிடுவார். "இந்தாங்க, பிடிச்சுக்கிட்டுத் திட்டுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு."

கரண்டியைப் பிடித்தால் பாதி தேறும்.

இந்தக் குரலைத்தான் அவசரநிலை ஆயத்தக் குழு தன் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. ஆயத்தம் என்றால் அப்படியொரு ஆயத்தம். அலமாரி நிறைய மடக்குத் தூக்குப்படுக்கைகள். மூட்டை மூட்டையாகக் குளோரின் மாத்திரைகள். உயிர்காப்புச் சட்டைகள், அழுக்கு படக்கூடாதென்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றை ஒட்டிய பள்ளத் தெருவில் வரிசையாகக் கம்பங்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குழாய் ஒலிபெருக்கி, அதற்கென்று தனி பேட்டரி, பேட்டரிக்கென்று தனி சூரியத் தகடு. மின்சாரம் போனாலும் நிற்காது, காற்றடித்தாலும் நிற்காது. ஒரு முறை ஓடத் தொடங்கினால் கடவுளே வந்து கேட்டாலும் நிற்காது என்று விற்க வந்தவர் பெருமையாகச் சொன்னார். குழுவும் பெருமையாகக் கேட்டுக்கொண்டது.

கம்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தவர் அன்பார்ந்தவர்தான். "அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது. உடனடியாக மேட்டுப் பள்ளிக்குச் செல்லுங்கள்" என்று அழகாகப் பேசிக் கொடுத்தார். முதல் ஒத்திகையின்போது ஒரு பெரிய மனிதரின் மாமியார் அதை நிஜமென்று நம்பி ஓடிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். மறுநாளே குழு கூடி, கடைசியில் ஒரு வரி சேர்த்தது: "இது ஒத்திகை மட்டுமே. பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்." அதையும் அழகாகப் பேசிக் கொடுத்தார்.

அப்படியானால் நிஜத்துக்கு ஒரு பதிவு தனியாக வேண்டாமா? கேட்கத்தான் எழுந்தார் அன்பார்ந்தவர். கூட்டத்தில் மைக் இல்லை. கரண்டியும் இல்லை. அவர் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே தேநீர் வந்துவிட்டது, தலைவர் நன்றி சொல்லிவிட்டார். எல்லாரும் பிஸ்கட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தப் பள்ளத் தெருவில்தான். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும். போன ஒத்திகையில், "நகர முடியாதவர்களை மீட்பது எப்படி" என்று படம் எடுப்பதற்காகத் தொண்டர்கள் அவரைத் தூக்குப்படுக்கையில் ஏற்றினார்கள். நல்ல வெளிச்சம் கிடைக்கும் இடம் தேடித் தெருவின் இரண்டு முனைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். திருப்பத்தில் சாய்த்தும் விட்டார்கள். தோள் வீங்கி, காய்ச்சல் கண்டு, மாமா படுத்த படுக்கையில் முனகியதை அக்கா மறக்கவில்லை. தம்பியை வாசலிலேயே நிறுத்தி வைத்துச் சொன்னாள்:

"இனிமே ஒத்திகைன்னு எவனாவது இந்தக் கட்டில்ல கை வச்சான், வெளக்கமாறு பிஞ்சிடும். தண்ணி நெஜமா வந்தா மட்டும் வந்து கூப்பிடு. புரியுதா?"

"ச... ச..."

"சரின்னு தலையாட்டு போதும்."

ஆட்டினார்.

அந்த நாள் நல்ல வெயில். வாரக்கணக்கில் கொட்டிய மழை ஓய்ந்து, பள்ளத் தெருவில் கொடி கொடியாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுகாதார அலுவலகத்துக்கு அணையிலிருந்து செய்தி வந்தது: கரையில் விரிசல், தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை, திறந்தாகிவிட்டது. அலுவலகத்தை நடத்தும் டாக்டரம்மா வாயிலிருந்த சோற்றை விழுங்காமலே எழுந்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். மேட்டுப் பள்ளிக்கு மாத்திரை மூட்டைகளை அனுப்பினார். பின்பு அன்பார்ந்தவரைப் பார்த்தார்.

"கம்பத்துல போட்டாச்சுன்னு கன்ட்ரோல் ரூம்ல சொல்லிட்டாங்க. பாதிப் பேர் இப்பவே கிளம்பியிருப்பாங்க. மிச்சம் இருக்கறவங்களை நீங்க வண்டியில போய்க் கிளப்புங்க. பெரியவங்க, படுக்கையில இருக்கறவங்க யாரும் விட்டுப்போகக் கூடாது. சாயங்காலத்துக்குள்ள தண்ணி தெருவுல இருக்கும்."

வண்டியில் ஏறும்போது ஒரு தூக்குப்படுக்கையை இழுத்துப் போட்டுக்கொண்டார் அன்பார்ந்தவர். மாமாவுக்கு. ஓட்டுநரை ஊரில் ஹாரன் என்பார்கள். வண்டியில் ஹாரன் வேலை செய்யாது, அதனால் அவரே கத்துவார். கத்திக்கொண்டே விரட்டினார்.

பாலம் தாண்டி இறக்கத்தில் திரும்பியபோதே கம்பம் கேட்டது. தன் குரலைத் தானே கேட்கும்போது அவருக்கு எப்போதும் ஒரு சின்ன இனிப்பு உண்டு. அன்றும் இருந்தது, ஒரு நொடி. "...உடனடியாக மேட்டுப் பள்ளிக்குச் செல்லுங்கள்." நல்ல நிறுத்தம், நல்ல அழுத்தம். அதன் பிறகு அந்தக் குரல் அதே அழகோடு சொன்னது:

"இது ஒத்திகை மட்டுமே. பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்."

ஹாரன் பிரேக்கை மிதித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெரு அமைதியாக இருந்தது. கொடியில் துணி ஆடியது. ஒரு வீட்டில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் சாவகாசமாக ஒரு சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள்கூட நகர்ந்திருக்கவில்லை. ஊர் மக்களைக் குறை சொல்ல முடியாது. கீழ்ப்படிந்திருந்தார்கள். பதற்றமடைய வேண்டாம் என்றதும் பதற்றமடையாமல் இருந்தார்கள்.

அன்பார்ந்தவர் மைக்கை எடுத்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே. இது ஒத்திகை அல்ல. அணை திறக்கப்பட்டுவிட்டது..."

"அன்பார்ந்த பொதுமக்களே," என்றது கம்பம், அரை மூச்சு பின்தங்கி. "அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறது..."

ஒரே குரல் இரண்டு வாயிலிருந்து முன்னும் பின்னுமாக வந்து தெருவில் முட்டிக்கொண்டது. ஒரு மாடியிலிருந்து சிரிப்புக் கேட்டது. "இன்னைக்கு ரெட்டை நாயனமா?" என்றார் ஒரு பெரியவர். அன்பார்ந்தவர் சத்தத்தைக் கூட்டினார். கம்பம் எதையும் கூட்டவில்லை, அதற்கு அவசியமில்லை. அவர் "இது ஒத்திகை அல்ல" என்று மூச்சு வாங்கி நிறுத்திய இடைவெளியில் அது நிதானமாக "இது ஒத்திகை மட்டுமே" என்று முடித்து வைத்தது.

வண்டி தையல்காரர் கடை முன் நின்றது. ஹாரன் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, எந்திரிங்க. நெஜமாவே தண்ணி வருது."

"எது?" தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது வேண்டாங்குது, நீங்க வேணுங்கறீங்க. ரெண்டும் இவர் குரல்தான். எதை நம்பறது?"

"இது இப்ப பேசறது. அது பழசு."

"பழசா இருந்தாலும் அரசாங்கத்துது. கம்பத்துக்குச் சம்பளமா, கிம்பளமா? அது ஏன்யா பொய் சொல்லப்போகுது?" நூலைப் பல்லால் கடித்தார். "போன தடவையும் வண்டியில வந்து நெஜம் மாதிரித்தான் சொன்னீங்க. மேட்டுல போய் வெயில்ல நின்னு போட்டோவுக்குக் கையாட்டிட்டு வந்தோம். எனக்கு இன்னைக்கு மூணு சட்டை குடுக்கணும்."

அன்பார்ந்தவர் கைப்பேசியை எடுத்து அக்காவை அழைத்தார். அணைச் செய்தி மேட்டுப் பக்கம் பரவிவிட்டது போலும், அங்கே, எல்லாரும் எல்லாரையும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றதில் கட்டுப்பாட்டு அறை மட்டும் எப்படியோ கிடைத்தது.

"க... க... கம்..."

"கம்பமா? நல்லா ஓடுது சார், இங்க பச்சை லைட் எரியுது."

"நி... நிறு..."

ஹாரன் கைப்பேசியைப் பிடுங்கினார். "நிறுத்துய்யா அதை. ஒத்திகைன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. எவனும் நகர மாட்டேங்கறான்."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. "ஒரே ஒரு பதிவுதாங்க அங்கீகாரம் ஆகியிருக்கு. பட்டனும் ஒண்ணுதான். அதைத்தான் அமுக்கினேன். ஆரம்பிச்சா நிக்காது. நிக்கக் கூடாதுன்னுதானே வாங்கினோம்? பேட்டரி தீர்ற வரைக்கும் ஓடும்." கொஞ்சம் தயங்கி, "ரொம்ப நல்ல பேட்டரிங்க" என்றும் சொன்னார்.

வண்டியால் அக்கா வீடு வரை போக முடியவில்லை. அந்தப் பகுதியில் தெரு குறுகி, வண்டி நுழையாத சந்தாகிவிடும். சந்தின் கடைசி வீடு அவளுடையது, ஆற்றுக்கு மிக அருகில். அங்கே நின்றிருந்த கம்பமும் பேசிக்கொண்டிருந்தது. அன்பார்ந்தவர் தூக்குப்படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். இறங்கியவர் நின்றுவிட்டார்.

ஓடிப்போய் அக்காவையும் மாமாவையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். அதற்கு நேரம் இருக்கிறது. மீதித் தெருவை இந்தக் கம்பத்திடம் விட்டுவிட வேண்டும். தன் குரல் அவர்களைத் தாலாட்டிக்கொண்டே இருக்கும். வெங்காயம் வதக்குகிறவளையும், காலர் திருப்புகிறவரையும், மாடியில் சிரித்தவரையும்.

"அண்ணே," என்றார் ஹாரன். குரல் மாறியிருந்தது. "சாக்கடையைப் பாருங்க."

தெருவோரச் சாக்கடை எப்போதும் ஆற்றை நோக்கித்தான் ஓடும். இப்போது ஆற்றிலிருந்து தெருவை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல். ஒரு பழைய செருப்பு அதில் மிதந்து, மேட்டை நோக்கிப் பயணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் அறிவிப்பைக் கேட்டு நடந்த முதல் ஆசாமி அதுதான்.

அன்பார்ந்தவர் வண்டிக்குத் தாவி மைக்கைப் பிடித்தார்.

"த... த... தண்..."

திக்கியது.

மைக் கையில் இருக்கிறது. விரல் பொத்தானில் இருக்கிறது. திக்குகிறது. இத்தனை வருஷத்தில் நடக்காத ஒன்று. விழுங்கிப் பார்த்தார், மூச்சை இழுத்துப் பார்த்தார். "அன்பார்ந்த" என்று பழகிய வாசலில் நுழையப் பார்த்தார். அதுவும் வரவில்லை. "அ... அ... அ..." என்று கூரை ஒலிபெருக்கி தெரு முழுக்க ஒரு குழந்தையைப் போல விக்கியது.

முதலில் சிரித்தார்கள். தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து, "பேட்டரி வீக்கா?" என்று கேட்டார் தையல்காரர். சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் குரல் நிற்கவில்லை. "த... தண்... தண்ணி... ஓ... ஓடு... ஓடுங்க..." பட்டு இல்லை, நிறுத்தம் இல்லை, அழுத்தம் இல்லை. யாருக்கும் தெரியாத ஒரு ஆள் அந்த மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பின்னணியில் கம்பம் சரளமாக, சுத்தமாக, பதற்றமடைய வேண்டாம் என்றது.

சந்தின் கடைசியில் ஒரு கதவு திறந்தது.

அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். கம்பத்தை அல்ல, வண்டியை. அவளுக்கு அந்தத் திக்கலின் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். அதற்காகச் சின்ன வயதில் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டவள். கொஞ்சம் பயந்தால் எப்படித் திக்குவான், உயிர் போகிற பயத்தில் எப்படித் திக்குவான் என்பதும் தெரியும்.

ஓடி வந்தாள். தெருவின் நடுவில் நின்று, மைக் எதுவும் இல்லாமல், கூரை ஒலிபெருக்கியையும் கம்பத்தையும் சேர்த்து அமுக்குகிற குரலில் சொன்னாள்.

"எல்லாரும் கெளம்புங்க. இது என் தம்பி. இவனுக்கு மைக்குல திக்கவே திக்காது. இப்ப திக்குதுன்னா தண்ணி நம்ம காலுக்கிட்ட இருக்குன்னு அர்த்தம்."

"அக்கா, கம்பத்துல..." என்று இழுத்தார் தையல்காரர்.

"கம்பத்துக்குப் பயம் இருக்காய்யா? அது எதுக்கு ஓடப்போகுது? நீ எந்திரி. இவன் கூட வா, எங்க வீட்டுக்காரரைத் தூக்கணும். சட்டையைத் தூக்கி எறி. போட ஆள் இருந்தாத்தான் சட்டை."

தையல்காரர் குனிந்து சாக்கடையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். சட்டையை எறியவில்லை, தோளில் போட்டுக்கொண்டார். ஆனால் எழுந்துவிட்டார்.

ஒருவர் எழுந்தால் தெரு எழுந்துவிடும். கதவுகள் திறந்தன. யாரோ அடுப்பை அணைத்தார்கள், யாரோ அணைக்க மறந்து திரும்பி ஓடினார்கள். அக்கா வீட்டுக்கு வீடு கையைத் தட்டிக்கொண்டே போனாள். மாமாவைத் தூக்குப்படுக்கையில் ஏற்றும்போது தண்ணீர் வாசற்படியைத் தொட்டிருந்தது. ஒரு முனையை அன்பார்ந்தவரும் மறுமுனையைத் தையல்காரரும் பிடித்தார்கள்.

"சாய்க்காதீங்க," என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

"ச... ச..."

"பேசாதே, நட."

மாமா படுத்தவாறே மைத்துனனின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தார். பாதி வாய் அசைந்தது. குழறலாக, ஆனால் புரியும்படி வந்தது: "இப்ப... நீயும்... நம்ம கட்சி."

சிரிக்கிற நேரம் இல்லை. தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கை குலுங்கியது. "சாய்க்காதீங்கன்னு சொன்னேன்ல" என்ற குரல் பின்னாலிருந்து விழுந்தது. முழங்கால் வரை வந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சந்திலிருந்து வெளியே வந்தார்கள். வண்டியில் மாமாவை ஏற்றி, ஏற முடியாத இன்னும் சில பேரைத் திணித்து, ஹாரன் கத்திக்கொண்டே மேட்டைப் பார்த்துக் கிளப்பினார். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள், நடை ஓட்டமானது.

மேட்டுப் பள்ளியின் மதிலுக்குப் பின்னால் நின்று தெரு முழுவதும் தன் தெருவைப் பார்த்தது. தண்ணீர் அவசரமில்லாமல் வந்தது. கொடித் துணிகளை எட்டித் தொட்டது, தையல் கடைப் படிகளில் ஏறியது, அக்கா வீட்டுச் சன்னலுக்குள் பார்த்தது. ஆளில்லாத தெருவில் கம்பங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. இவ்வளவு தூரத்திலும் தெளிவாகக் கேட்டது. இது ஒத்திகை மட்டுமே. இது ஒத்திகை மட்டுமே. டாக்டரம்மா ஒவ்வொரு குடும்பமாக விசாரித்து முடித்து, யாரும் விட்டுப்போகவில்லை என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.

"உங்க குரலுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார் தையல்காரர், மெதுவாக.

தெரியவில்லை போலும். கம்பங்களில் ஆளுயரத்தில் இருந்த பேட்டரிப் பெட்டிகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாக எட்டியது. ஆற்றோரக் கம்பம் முதலில் ஓய்ந்தது. கடைசிக் கம்பம் "பொதுமக்கள் பதற்ற..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அன்பார்ந்தவர் மதிலைப் பிடித்திருந்த கையை எடுத்தார். கல் அச்சு உள்ளங்கையில் பதிந்திருந்தது.

டாக்டரம்மா அவர் கையில் பள்ளிக்கூடத்து மைக்கைக் கொடுத்தார். வேலை முடியவில்லை. வெள்ளத்தில் பிழைத்தவர்களை வயிற்றுப்போக்கில் விடக்கூடாது. வாசலில் இருக்கும் பீப்பாய்த் தண்ணீர் கைகால் கழுவ மட்டும். குடிக்க, மாத்திரை போட்ட நீலத் தொட்டி. அதைச் சொல்ல வேண்டும்.

அவர் மைக்கைத் தயங்கித் தயங்கி வாயருகே கொண்டுபோனார். கூட்டம் மூச்சைப் பிடித்துப் பார்த்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே," என்றார். பட்டு திரும்பி வந்திருந்தது. "வாசலில் உள்ள பீப்பாய் நீரை யாரும் பருக வேண்டாம். நீலத் தொட்டியில் உள்ள நீரை மட்டுமே..."

கூட்டம் பிடித்த மூச்சை விட்டது. தோள்கள் தளர்ந்தன. "திக்கலை," என்றார் யாரோ நிம்மதியாக. "அப்ப அவசரமில்ல." தையல்காரர் பீப்பாயில் ஒரு டம்ளரை முக்கி எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

அன்பார்ந்தவர் பார்த்துவிட்டார். வேண்டுமென்றே திக்கிப் பார்த்தார். பயத்தை நினைத்தார், சாக்கடையை நினைத்தார். வரவில்லை. அருவி அருவியாகவே கொட்டியது. மைக்கோடு அப்படியே திரும்பி அக்காவைப் பார்த்தார். சின்ன வயதில் கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு பார்ப்பாரே, அந்தப் பார்வை.

மாமாவின் தலைக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். தையல்காரர் கையிலிருந்த டம்ளரை வாங்கி மண்ணில் கவிழ்த்தாள்.

"அவன் திக்கினா ஓடணும். திக்கலைன்னா உக்காந்து கேக்கணும். ரெண்டுக்கும் நான் வந்து அர்த்தம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது, எனக்கு ஒருத்தரைப் பாத்துக்கற வேலை இருக்கு. அங்க போய்ப் பிடிங்க."

தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே காலி டம்ளரோடு நீலத் தொட்டியின் வரிசையில் போய் நின்றார். மாத்திரை வாடை அடிக்கிறது என்று முன்னால் நின்றவரிடம் புகார் சொன்னார். அன்பார்ந்தவர் அதே அறிவிப்பை முதலிலிருந்து ஆரம்பித்தார்.